மாதம் முதலில், இடம் பிறகு

இலங்கைக்குப் போகலாம் என்று ஒரு குடும்பம் பேசத் தொடங்கியதும் முதலில் உருவாவது ஊர்ப் பட்டியல்தான். கண்டி, நுவரெலியா, சீதையம்மன் கோயில், பெந்தோட்டைக் கடற்கரை, கொழும்புக் கடைத்தெருவில் ஒரு நாள் என்று எழுதி முடித்த பிறகே நாட்காட்டியைப் புரட்டுகிறார்கள். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையோ அலுவலக விடுப்போ எந்த மாதத்தில் விழுகிறதோ, அதற்குள் அந்தப் பட்டியல் திணிக்கப்படுகிறது. இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். மும்பையிலிருந்து போகிறவர் தமக்கு எந்த மாதம் ஓய்வு என்பதை முதலில் வைத்துக்கொண்டால், தீவின் எந்தப் பாதிக்குப் போவது என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் கிடைத்துவிடும். காரணம், இலங்கைக்கு ஒரே பருவமழை இல்லை, இரண்டு உண்டு. அவை தீவின் இரு பக்கங்களிலும் வெவ்வேறு காலத்தில் பெய்கின்றன. ஒரு பக்கம் கடல் கொந்தளிக்கும் மாதத்தில் மறுபக்கம் கடல் குளம் போலக் கிடக்கும். ஆண்டில் ஏறக்குறைய பத்து மாதம் இந்தத் தீவின் ஏதோ ஒரு பாதி பயணிக்கு ஏற்றதாகவே இருக்கிறது. ஆனால் அது எப்போதும் ஒரே பாதி அல்ல.

சின்னத் தீவுதானே, ஒரு வாரத்தில் இரண்டு பாதியையும் சுற்றிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வரைபடத்தில் இந்தியாவுக்குக் கீழே ஒரு துளியாகத் தெரிவதால் வரும் எண்ணம் அது. இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் சரிபாதி, மகாராஷ்டிரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். வடக்கே பருத்தித்துறையிலிருந்து தெற்கே தேவேந்திரமுனை வரை சுமார் 430 கிலோமீட்டர், அகலம் சுமார் 225. ஆனால் இங்கே பயணத்தைக் கிலோமீட்டரால் அளந்தால் ஏமாந்துபோவோம். கொழும்பிலிருந்து பதுளைக்குப் போகும் புகழ்பெற்ற மலைநாட்டு ரயில் சுமார் 290 கிலோமீட்டரைக் கடக்க ஒன்பது, பத்து மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. டெக்கான் குவீன் காட் ஏறி 192 கிலோமீட்டரை மூன்றேகால் மணிக்குள் முடிக்கும் பழக்கத்தில் இருப்பவருக்கு இது புதுக் கணக்கு. சாலையிலும் அப்படித்தான். கொழும்பிலிருந்து காலி, மாத்தறை வழியாக அம்பாந்தோட்டை வரை போகும் தெற்கு அதிவேகப் பாதையையும் விமான நிலையப் பாதையையும் விட்டால், மற்ற இடங்களில் மணிக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். வளைவுகள், ஊர்கள், பேருந்துகள், அங்கங்கே மாடுகள். ஏழு நாளில் முழுத் தீவையும் சுற்றிக் காட்டுவதாகச் சொல்லும் பயணத் திட்டத்தில் பாதிப் பகல் வேனுக்குள் கழியும். ஆகவே வானிலை என்ற ஒன்றே இல்லாவிட்டாலும் ஒரு பாதியைத் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும். எப்படியும் தேர்ந்தெடுப்பது என்றான பிறகு, மழையைக் கேட்டுத் தேர்ந்தெடுப்பதில் என்ன நஷ்டம்?

இந்த இரட்டைப் பருவம் எப்படி நடக்கிறது என்பது மும்பைக்காரருக்குப் பாதி தெரிந்த கதைதான். ஜூலையில் கர்ஜத் தாண்டி ரயில் மலையேறும்போது லோனாவ்லா, கண்டாலாவில் ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியாத மழை. இறங்கிப் புணே சேர்ந்தால் தூறலும் இளவெயிலும். அரபிக்கடல் காற்று சுமந்து வந்த நீரையெல்லாம் சகியாத்ரி மேற்குச் சரிவிலேயே கறந்துகொள்கிறது. இலங்கையின் நடுவில் நிற்கும் மலைத்தொகுதியும் அதே வேலையைச் செய்கிறது. அதன் உச்சமான பீதுருதாலகால 2,524 மீட்டர். மே மாதக் கடைசியில் தென்மேற்குக் காற்று வலுக்கும்போது அட்டன் பக்கத்து மேற்குச் சரிவுகள் நனைந்து கிடக்கும், கிழக்கே இறங்கும் ஊவாப் பக்கம் காய்ந்திருக்கும். பட்டிப்பொல நிலையம் தாண்டி, கிட்டத்தட்ட 1,900 மீட்டர் உயரத்தில் ஒரு சுரங்கம் வருகிறது. அதற்கு ஒரு பக்கம் மூடுபனியும் தூறலும், மறுபக்கம் ஒஹியவில் பளிச்சென்ற வெயில் என்பது அந்தப் பாதையில் போகிறவர்கள் எல்லோரும் சொல்லும் சங்கதி. இதுவரை நமக்குத் தெரிந்த கதை. இனிதான் வேறுபாடு. புணேயின் வறண்ட பக்கத்துக்குத் தனக்கென்று பெரிய பருவம் வருவதில்லை. இலங்கையின் கிழக்குக்கு வருகிறது. டிசம்பரில் காற்று வடகிழக்கிலிருந்து திரும்பி வங்கக் கடல் ஈரத்தைக் கிழக்குக் கரையில் கொட்டும்போது, மேற்கும் தெற்கும் வெயிலில் காய்கின்றன.

வேறு விதமாகச் சொன்னால், இலங்கையின் மேற்குக்கரை கேரளத்து நாட்காட்டிப்படி நடக்கிறது, கிழக்குக்கரை சோழமண்டலக் கரையின் நாட்காட்டிப்படி நடக்கிறது. பாலக்காட்டிலிருந்து மாட்டுங்காவுக்கு வந்த குடும்பங்களில் பெரியவர்களுக்கு இடவப்பாதி என்னும் தென்மேற்கு மழையும் துலாவர்ஷம் என்னும் ஐப்பசி மழையும் தெரியும். கொழும்பும் காலியும் அந்த இரண்டையும் வாங்கிக்கொள்கின்றன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை அடைமழை தெரியும். திருகோணமலையும் மட்டக்களப்பும் யாழ்ப்பாணமும் அதற்காகவே காத்திருக்கும் ஊர்கள். எண்ணாகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். நீண்டகாலச் சராசரியில் கொழும்புக்கு மே மாதத்தில் 390 மில்லிமீட்டரை ஒட்டி மழை, ஜனவரியில் 60 மில்லிமீட்டரை ஒட்டித்தான். திருகோணமலைக்கு ஜூனில் முப்பதைத் தொடாத மழை, நவம்பரிலும் டிசம்பரிலும் முந்நூறுக்கு மேல். ஜூலையில் மட்டும் 800 மில்லிமீட்டருக்கு மேல் வாங்கும் மும்பைக்கு இவையெல்லாம் பெரிய எண்களாகத் தோன்றாமல் போகலாம். ஆனால் நம் ஊரில் நான்கு மாதம் அடித்துவிட்டு மீதி எட்டு மாதம் வானம் துடைத்து வைத்தாற்போல இருக்கும். அந்தப் பழக்கம் இரண்டு தப்பான ஊகங்களைத் தருகிறது. மழை ஜூனில்தானே தொடங்கும், மே கடைசியில் பெந்தோட்டை போகலாம் என்பது ஒன்று. மே மாதம் கொழும்புக் கரையின் மிக ஈரமான மாதங்களில் ஒன்று. டிசம்பர் எங்கும் நல்ல மாதம், திருகோணமலைக்கே போவோம் என்பது மற்றொன்று. அங்கே அதுதான் மழைக்காலத்தின் நடு.

இதில் ஒரு நுணுக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் கொழும்பில் பெய்வது மாதம் 120 மில்லிமீட்டர் அளவுதான். மழையைக் கண்டு பயப்பட ஒன்றும் இல்லை. பிரச்சினை கடலில் இருக்கிறது. தென்மேற்குக் காற்று வீசும் வரை ஹிக்கடுவை, பெந்தோட்டை, மிரிஸ்ஸக் கரைகளில் அலை எழும்பிக்கொண்டே இருக்கும், சிவப்புக் கொடி பறக்கும். ஜூஹுவிலும் வெர்சோவாவிலும் ஆடி மாதக் கடலைப் பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கலாம் என்று நினைத்துப் போய், ஓட்டல் நீச்சல் குளத்தோடு திரும்புவது அந்த மாதங்களில் அங்கே நடக்கும்.

மும்பையில் பெரிய விடுமுறை கோடையில்தான் வருகிறது. மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகள் ஜூன் நடுவில்தான் திறக்கின்றன, மற்றவை கொஞ்சம் முன்பின். இந்த விடுமுறை வைத்திருப்பவருக்கு இந்த நூல் தரும் பரிந்துரை தயக்கமில்லாதது: கிழக்குக்குப் போங்கள். ஏப்ரல் நடுவிலிருந்து செப்டம்பர் வரை திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிக் கரைகள் அமைதியாக இருக்கும். நிலாவெளிக்கு எதிரே, படகில் சில நிமிடத் தூரத்தில் புறாத்தீவு இருக்கிறது. அது தேசியப் பூங்கா. கரையோரத்திலேயே பவளப் பாறைகளும் சிறு சுறாக்களும் தெரியும், மூச்சுக்குழாய் மாட்டிக்கொண்டு மிதந்தால் போதும். மழைக்காலத்தில் அங்கே படகு போவதே நிச்சயமில்லை. கடலில் நீலத் திமிங்கிலம் பார்க்கும் பருவமும் இந்த மாதங்களில்தான் வருகிறது. நகரத்தின் மறுமுனையில், பிரெட்ரிக் கோட்டைக்குள் நுழைந்து மேலேறினால், கடலில் செங்குத்தாக இறங்கும் பாறை முனையில் கோணேசர் கோயில். தேவாரம் பெற்ற ஈழத்துத் தலங்கள் இரண்டில் இது ஒன்று, மற்றது மன்னார்ப் பக்கத்துத் திருக்கேதீச்சரம். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் பழைய கோயிலை இடித்துவிட்டுக் கோட்டை எழுப்பினார்கள். இன்று நிற்பது 20ஆம் நூற்றாண்டுக் கட்டடம். பழங்கோயிலின் சிற்பங்களை எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாறுவார். இடத்துக்காகப் போகிறவர் ஏமாற மாட்டார். ஊருக்கு வெளியே கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உண்டு. காலையில் சீக்கிரம் போனால்தான் இடம் கிடைக்கும்.

தெற்கே மட்டக்களப்பு இன்னும் நிதானமான ஊர். வாவியும் அதன் நடுவே ஒல்லாந்தர் காலக் கோட்டையும் கல்லடிப் பாலமும். பாலத்தடியில் நிலா இரவுகளில் மீன் பாடும் என்பது ஊர் நம்பிக்கை. கேட்கும் என்று நூல் உறுதி தராது, ஆனால் படகோட்டிகள் நம்பிக்கையோடு அழைத்துப் போவார்கள். சின்னப் பிள்ளைகளுள்ள குடும்பம் பாசிக்குடாவில் தங்கலாம். வளைந்த குடா, வெகுதூரம் வரை இடுப்பளவு தண்ணீர். இலங்கைக் கரைகளில் பெற்றோர் பதறாமல் உட்கார்ந்திருக்கக்கூடிய இடம் அதுவே. அலைச்சறுக்கு பழகும் இளைஞர்களுக்கு இன்னும் தெற்கே அறுகம்பை. கிழக்கின் குறையையும் மறைப்பதற்கில்லை. மே, ஜூனில் வெயில் கடுமை. மலையைத் தாண்டி இறங்கும் காற்று ஈரத்தை மேற்கிலேயே விட்டுவிட்டு உலர்ந்து சூடாக வரும். மட்டக்களப்பில் கச்சான் காற்று என்பார்கள். பகல் பதினொன்றிலிருந்து நான்கு வரை வெளியே அலைவதற்கில்லை. மும்பையின் புழுக்கத்தைவிட இது மேலா, மோசமா என்பது அவரவர் உடம்பைப் பொறுத்தது. இரவில் கடற்காற்று ஆறுதல் தரும் என்பது மட்டும் உறுதி.

இந்தப் பருவத்தில் மும்பைத் தமிழருக்கு மற்றவருக்கு இல்லாத ஒரு வசதியும் உண்டு. தாராவியிலும் செம்பூரிலும் பல குடும்பங்கள் மே மாதம் எப்படியும் ஊருக்குப் போகின்றன. திருநெல்வேலியோ தஞ்சாவூரோ சென்று சேர்ந்தபின், தீவு மும்பையிலிருந்து இருப்பதைவிட வெகு பக்கம். மும்பையிலிருந்து கொழும்புக்கு நேர் விமானம் உண்டு, இரண்டரை மணிநேரப் பயணம். ஆனால் கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவில் இறங்கினால் திருகோணமலைக்கு இன்னும் ஐந்தாறு மணிநேரச் சாலை இருக்கிறது. இரவில் இறங்குகிறவர் அருகிலுள்ள நீர்கொழும்பில் தூங்கிவிட்டு விடிந்ததும் கிளம்புவது நல்லது. அதற்கு மாற்று, வடக்கு வழியாக நுழைவது. பலாலியிலுள்ள யாழ்ப்பாணப் பன்னாட்டு விமான நிலையம் 2019 அக்டோபரில் திறந்தது. சென்னையிலிருந்தும், 2025 மார்ச் கடைசி முதல் திருச்சியிலிருந்தும் அங்கே சிறு விமானங்கள் போகின்றன. கால அட்டவணை மாறிக்கொண்டே இருப்பதால் முன்பதிவுக்கு முன் சரிபார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் இறங்கி, திருகோணமலை வழியாகக் கீழே வந்து, கொழும்பிலிருந்து நேரே மும்பைக்குத் திரும்பினால் ஒரே சாலையில் இரண்டு முறை போக வேண்டியதில்லை. நுழைவு அனுமதி விதிகளும் கட்டணமும் அண்மை ஆண்டுகளில் பலமுறை மாறியிருக்கின்றன. இந்த நூலை நம்பாமல் அரசுத் தளத்தையே பாருங்கள்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை மும்பையில் நீண்ட விடுமுறை கிடையாது. ஆகஸ்ட் 15ஐயோ பிள்ளையார் சதுர்த்தியையோ சேர்த்து நான்கைந்து நாள் எடுக்க முடிந்தவர் அதை வீணாக்க வேண்டாம். ஏனென்றால் இலங்கையின் பெருவிழாக்கள் பெரும்பாலும் இந்த மாதங்களில் வருகின்றன. யாழ்ப்பாணத்தில் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா இருபத்தைந்து நாள் நடந்து ஆவணி அமாவாசையை ஒட்டி முடிகிறது. ஆண்கள் மேற்சட்டை இல்லாமல்தான் உள்ளே போக வேண்டும், மணி அடித்தாற்போல நேரம் தவறாமல் பூசை நடக்கும். செம்பூர் சேடா நகர் முருகன் கோயில் படிகளில் கிருத்திகைதோறும் ஏறுகிறவர்கள் இதை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். தேருக்கு வெளிநாட்டுத் தமிழர்களும் திரளாக வருவதால் அறை கிடைப்பது அரிது. மட்டக்களப்பு அமிர்தகழியில் மாமாங்கேசுவரர் கோயில் தீர்த்தம் ஆடி அமாவாசையில். கதிர்காமத் திருவிழாவும் ஆடியை ஒட்டித்தான் நடக்கிறது. கண்டியில் தலதா மாளிகைப் பெரஹரா ஊர்வலம் பெரும்பாலும் ஆகஸ்ட் முழுநிலவோடு நிறைவடையும். காய்ந்துவரும் மின்னேரியாக் குளத்தோரம் நூற்றுக்கணக்கில் யானைகள் புல்லுக்கும் நீருக்கும் கூடுவதும் இதே மாதங்களில். இவற்றையெல்லாம் ஒரே பயணத்தில் பார்க்க முயல வேண்டாம். நல்லூரையும் திருகோணமலையையும், அல்லது கண்டியையும் மின்னேரியாவையும் என்று ஒரு சோடியை எடுத்துக்கொள்ளுங்கள்.

வடக்கும் கிழக்கும் போர் நடந்த இடங்கள், குடும்பத்தோடு போகலாமா என்ற கேள்வி மும்பையில் இன்னும் கேட்கப்படுகிறது. போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. 1990இல் துண்டிக்கப்பட்ட யாழ்ப்பாண ரயில் பாதை இந்தியக் கடனுதவியில் மீண்டும் போடப்பட்டு, 1956இல் பிறந்த யாழ்தேவி 2014 அக்டோபரில் திரும்ப யாழ்ப்பாணம் வந்தது. அதற்குப் பிறகு நாட்டை உலுக்கிய பெருந்தாக்குதல், 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு, நடந்தது கொழும்பு ஓட்டல்களிலும் கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்புத் தேவாலயங்களிலும். ஆபத்து என்பது வடக்குக்கு மட்டும் உரிய குணம் என்ற எண்ணத்துக்கு அதற்குப் பிறகு ஆதாரம் இல்லை. 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற நெருக்கடியும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ஒன்றுபோலவே இருந்தது. பயணிகளுக்கு அந்த நிலை இப்போது இல்லை. வன்னியில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. ஆகவே ஆள் நடமாட்டமில்லாத புதர்க்காட்டில் இறங்காமல், போட்ட பாதையில் போங்கள். இன்னொன்று: இங்கே வீட்டுக்கு வீடு இழப்பு உண்டு. வாடகை வண்டி ஓட்டுநரிடம் போரைப் பற்றி வாய் கிண்டாமல், அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்வதே மரியாதை. 1981இல் எரிக்கப்பட்டு, திருத்திக் கட்டி 2003இல் திறந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தை மட்டும் தவறவிடாதீர்கள். அதன் எதிரில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களே அதிகம். உள்ளே போய் ஒரு மணிநேரம் உட்காரலாம்.

பயண நிறுவனங்கள் ஆண்டு முழுவதும் கொழும்பு, கண்டி, நுவரெலியா, பெந்தோட்டை என்ற ஒரே சுற்றைத்தானே விற்கின்றன, பருவம் அவ்வளவு முக்கியம் என்றால் அவர்களுக்குத் தெரியாதா என்பது அடுத்த எதிர்வாதம். தெரியும். ஆனால் ஓட்டல்கள் அதிகம் தென்மேற்குக் கரையில்தான் இருக்கின்றன, முக்கிய விமான நிலையமும் அந்தப் பக்கம்தான், அதிவேகப் பாதையும் அங்கேதான். மே முதல் செப்டம்பர் வரை அந்தக் கரை ஓட்டல்கள் வாடகையைக் குறைப்பதே அவர்களுக்குப் பருவம் தெரியும் என்பதற்குச் சாட்சி. அந்தத் தள்ளுபடி எதற்குக் கிடைக்கிறது என்பதை மட்டும் பயணிக்குச் சொல்வதில்லை. எதிர்வாதத்தில் ஒரு நியாயமும் உண்டு. தீவின் நடுவடக்கில் இருக்கும் பழைய தலைநகரங்களான அநுராதபுரமும் பொலனறுவையும், சிகிரியாப் பாறைக் கோட்டையும், தம்புள்ளைக் குகைக் கோயிலும் உலர் வலயத்தில் இருப்பதால் ஜனவரிக் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை எப்போதும் பார்க்கத் தக்கவை. வரலாற்றை மட்டும் பார்க்கப் போகிறவருக்கு இந்த அத்தியாயத்தின் விதி தளர்வானது. மே மாதத்தில் காலை ஏழுமணிக்குச் சிகிரியா ஏறி இறங்கிவிட்டு, மூன்று மணிநேரத்துக்குள் திருகோணமலைக் கடலில் இறங்கும் திட்டம், அதே சிகிரியாவிலிருந்து ஐந்தாறு மணிநேரம் எதிர்த்திசையில் பெந்தோட்டைக்கு ஓடுவதைவிட எல்லா வகையிலும் மேல்.

டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை தெற்கும் மேற்கும். இதைப் பற்றி எழுதாத வழிகாட்டி இல்லை என்பதால் சுருக்கமாக முடிக்கலாம். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் காலிக் கோட்டை, மிரிஸ்ஸத் திமிங்கிலப் படகு, பெந்தோட்டை. மலைநாட்டுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். டிசம்பர் முழுநிலவில் தொடங்கி மே மாத வெசாக் முழுநிலவு வரை நீளும் சிவனொளிபாதமலைப் பருவத்தில், இரவெல்லாம் விளக்கு எரியும் படிகளில் ஏறி விடியலைப் பார்க்கலாம். மலை ரயிலின் ஒதுக்கீட்டு இருக்கைகள் ஒரு மாதம் முன்பே விற்பனைக்கு வந்து சட்டென்று தீர்ந்துபோகும். கிறிஸ்துமஸ் வாரத்தில் வாடகை உச்சத்தில் இருக்கும், பொங்கலை ஒட்டிக் குறையும்.

மழையோடு நாட்காட்டியில் பார்க்க வேண்டிய வேறு தேதிகளும் உண்டு. சித்திரைப் புத்தாண்டு சிங்களவருக்கும் தமிழருக்கும் பொது. ஏப்ரல் 13, 14ஐ ஒட்டிக் கொழும்பில் கடைகள் நாட்கணக்கில் மூடியிருக்கும், பேருந்தும் ரயிலும் பிதுங்கும். ஒவ்வொரு முழுநிலவு நாளும் போயா, அரசு விடுமுறை. மதுவும் இறைச்சியும் விற்கக் கூடாது. வெசாக் அன்று தெருவெல்லாம் கூடுவிளக்கு, வழிப்போக்கருக்கெல்லாம் தானச் சாப்பாடு. மொழியைப் பொறுத்தவரை அரசமைப்பில் தமிழும் ஆட்சிமொழி, பெயர்ப்பலகைகளில் இருக்கும். ஆனால் காலியிலோ மாத்தறையிலோ கடைக்காரரிடம் தமிழ் பேசி எல்லாம் நடந்துவிடும் என்று எண்ண வேண்டாம். வடக்கிலும் கிழக்கிலும், மலையகத் தோட்டப்பகுதிகளிலும், கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனையிலும் தமிழ் கைகொடுக்கும். யாழ்ப்பாணத்தில் ஆட்டோக்காரரை அண்ணை என்று கூப்பிட்டால் பேரம் சுலபமாகும். மாட்டுங்காவின் சைவக் குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிங்களப் பகுதிகளில் தேங்காய்ச் சம்பலிலும் காய்கறிக் கூட்டுகளிலும் மாசிக் கருவாட்டுத் தூள் சேர்ப்பது வழக்கம். மீன் இல்லை என்று பரிமாறுபவர் மனதாரச் சொன்னாலும் மாசியை அவர் மீன் கணக்கில் சேர்த்திருக்க மாட்டார். மாசி வேண்டாம் என்று பெயர் சொல்லியே கேளுங்கள். வடகிழக்கில் சைவக்கடை என்று பலகை போட்ட இடங்களில் இந்தக் கவலை இல்லை. இடியப்பமும் சொதியும் காலை ஏழுமணிக்கே தயாராக இருக்கும். 2024 பிப்ரவரி முதல் இந்திய யுபிஐ பல கடைகளில் செல்லும், ஆனால் சைவக்கடைக்குச் சில்லறை வைத்துக்கொள்வது நல்லது.

கடைசியாக, தீபாவளி விடுமுறை. இந்த அத்தியாயத்தின் விதி தடுமாறும் இடம் இதுதான். அக்டோபர், நவம்பர் இரு பருவங்களுக்கும் இடைப்பட்ட காலம். பிற்பகல் இடிமழை தீவு முழுக்க விழும், நவம்பரில் வங்கக் கடலில் புயல் சின்னங்கள் உருவாகும். கிழக்குக் கரையைச் சிதைத்த 1978 புயல் நவம்பரில் வந்தது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் கொண்டுவந்த வெள்ளத்திலும் மண்சரிவிலும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், மலைநாட்டுச் சாலைகளும் ரயில் பாதையும் கடுமையாகச் சேதப்பட்டன. நாகப்பட்டினம், காங்கேசன்துறைக் கப்பல் சேவையை 2023 அக்டோபர் 14 அன்று விழா எடுத்துத் தொடங்கினார்கள். வடகிழக்குப் பருவம் வாசலில் நின்ற வேளை. சில நாட்களிலேயே சேவை நின்று, மறுபடி தொடங்க 2024 ஆகஸ்ட் ஆனது. பருவங்களே இப்போது முன்போல நேரத்துக்கு வருவதில்லை, பிறகு மாதம் பார்த்து என்ன பயன் என்று கேட்கலாம். தொடக்கம் ஒரு வாரம், இரண்டு வாரம் தள்ளுவது உண்மை. காற்று எந்தத் திசையிலிருந்து வரும், மலையின் எந்தப் பக்கம் நனையும் என்பது மாறவில்லை. ஆகவே தீபாவளி விடுமுறை மட்டுமே கிடைக்கிற குடும்பம், அது அக்டோபர் நடுவில் வந்தால் கண்டி, அநுராதபுரம், சிகிரியா என்று நடுத்தீவோடு நிறுத்திக்கொண்டு, காலை நேரங்களை வெளியிலும் பிற்பகலை அருங்காட்சியகங்களிலும் கழிக்கலாம். நவம்பரில் வந்தால், பணம் திரும்பப் பெறும் வசதியுள்ள அறைகளை மட்டும் பதிவு செய்யுங்கள், கடற்கரையையும் மலைச்சரிவு விடுதிகளையும் விட்டுவிடுங்கள், மலை ரயில் எந்த நிலையம் வரை ஓடுகிறது என்று புறப்படும் வாரத்தில் விசாரியுங்கள். அலுவலகம் இடம் கொடுத்தால் அந்த விடுப்பைச் சேர்த்துவைத்துப் பிப்ரவரிக்குக் கொண்டுபோவதே இன்னும் நல்லது.